அதிகாரத்தை ஆராய்ந்தவர் இருவர்

அதிகாரத்தை ஆராய்வது வேறு. அதிகாரத்திற்கு ஆலவட்டம் வீசுவது வேறு. இவ்வேறுபாட்டை விளக்க இரு அறிஞர்தம் வாழ்வு போதும். இருவரும் ஜெர்மனியில் பிறந்த யூதர்கள். நாஜிகளால் நாடிழந்து, அமெரிக்காவில் பேராசிரியரானவர்கள்.

சிகாகோ பல்கலைக் கழகத்து ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948இல், 'நாடுகளுக்கிடையே அரசியல்' எனும் நூலைத் தந்தார். அரசியலாவது அதிகாரத்துக்கான போராட்டமே என்றது அந்நூல். "வலுத்தவன் வைத்ததே சட்டம்" என்று அதற்குப் பொருள் கொண்டோர் உளர். ஆசிரியரோ தம் நூலுக்குத் தம் வாழ்வாலேயே உரை வகுத்தார்! வியட்நாம் போரை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். 1965இல் அரசு ஆலோசகர் பதவியை இழந்தார்.

மற்றவர் ஹென்றி கிசிங்கர். நெப்போலியனுக்குப் பின் ஐரோப்பாவில் அமைதி அமைந்த வரலாற்றை ஆராய்ந்து, 1954இல் ஹார்வர்டில் முனைவரானார். 1969இல் வெள்ளை மாளிகை புகுந்தார். அவ்வாண்டே கம்போடியா மீது மறைவாகக் குண்டுமாரி பொழிந்தது. அமைதியை ஆராய்ந்த அறிவு ஆற்றிய பணி இதுவோ? 1973இல் அவருக்கு அமைதிக்கான நோபெல் பரிசு! உடன் பெறவேண்டிய வட வியட்நாமின் லே டக் தோ, பரிசை ஏற்க மறுத்தார்.

மார்கெந்தாவின் நூலிலும் குறையுண்டு. நாடுகளின் மோதலை நுணுகிக் கண்ட கண், நாட்டுக்குள் நசுங்கும் மக்களை அந்த அளவு காணவில்லை. ஆயினும் இளைஞர் அதனைப் பயிலவேண்டும் என்போம். ஏன்? அதிகாரத்தின் இயல்பை ஆள்வோர் மட்டும் அறிந்திருத்தல் ஆகாது. ஆளப்படுவோரும் அறிதல் வேண்டும்.

புலமைக்கு உரைகல் பதவியன்று. பதவியின் முன் நிமிர்ந்து நிற்கும் துணிவே!