ஊட்டியில் யார் குடியிருக்கிறார்கள்?

சில மாதங்களுக்கு முன்பு ஊட்டி காந்தலிலிருந்து ஓர் அம்மாள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பாராட்டாக இருக்கும். மீதி, தாமும் ஒரு கதை எழுதி வைத்திருப்பதாகவும் அதை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றும் விசாரிப்பவை. இந்தக் கடிதம் இரண்டிலும் சேரவில்லை.

எண்பதுகளில் நடப்பதாக நான் எழுதிய ஒரு காதல் கதையை அவர் படித்திருக்கிறார். அதில் கதாநாயகி தாவரவியல் பூங்காவில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டு, கோபத்தோடு எழுந்து நடந்து, ஐந்தாவது நிமிஷம் ஏரியில் படகு ஏறிவிடுகிறாள். அவன் மூச்சிரைக்க ஓடி வருகிறான், படகு நகர்ந்துவிடுகிறது. அங்கே கதையை முடித்திருந்தேன். நல்ல முடிவு என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

"பூங்காவிலிருந்து ஏரிக்கு நாங்கள் நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. உங்கள் கதாநாயகிக்கு இறக்கை இருந்ததா?" என்று கேட்டிருந்தார் அந்த அம்மாள். அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்த வரி இது: "கதையில் ஊட்டி முழுவதும் வருகிறது. ஆனால் அங்கே ஒருவர்கூடக் குடியிருக்கவில்லையே, ஏன்?"

கதையை எடுத்து மறுபடி படித்தேன். சேரிங் கிராஸ் இருந்தது, தொட்டபெட்டா இருந்தது, மலை ரயில் இருந்தது. ஒரு வீடு இல்லை. படகுத் துறையில் டிக்கெட் கொடுத்தவனுக்கு முகமில்லை. இரண்டு நாள் தங்கி, விடுதியில் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து எழுதிய கதை அது. வரைபடத்தில் பூங்காவும் ஏரியும் ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தன.

இது என் ஒருவனுடைய குற்றம் மட்டுமல்ல என்பதால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன். நம் கதைகளில் ஊர்ப் பெயர்கள் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று, பார்க்கிற இடம். மற்றது, இருக்கிற இடம். முதல் வகைப் பெயரை எழுதினால் வாசகர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு படம் எழுந்துவிடும். ஆசிரியருக்கு வேலை மிச்சம். இரண்டாவது வகைப் பெயருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. காந்தல் என்றோ, மஞ்சனக்கொரை என்றோ எழுதினால் வெளியூர் வாசகருக்கு ஒன்றும் தோன்றாது. அந்த இடத்தை ஆசிரியர்தான் கட்டிக் காட்டவேண்டும். ஆகவே நாம் முதல் வகையையே நாடுகிறோம்.

பிரபலமான இடத்தை எழுதவே கூடாது என்று சொல்ல வரவில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலை. அதைவிடப் பிரபலமான இடம் அந்நாளில் ஏது? ஆனால் அங்கே நின்று கந்தசாமிப் பிள்ளை கட்டடங்களை வேடிக்கை பார்க்கவில்லை. டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, மிஞ்சும் காசில் வெற்றிலை போட முடியுமா என்று கணக்குப் பார்க்கிறார். கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்பது அப்புறம்தான். அந்தச் சில்லறைக் கணக்கிலே சென்னை முழுவதும் வந்துவிட்டது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக என்ன செலவாகிறது, எவ்வளவு நேரமாகிறது, கால் எப்படி வலிக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் ஊர் தெரியும்.

'சென்னை வேறு, ஊட்டி வேறு. ஊட்டி பார்க்க வருகிறவர்களுக்காகவே ஏற்பட்ட ஊர்தானே?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பாதி உண்மை. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து, பிறகு கல் பங்களா கட்டி, ஓடையைத் தடுத்து ஏரி அமைத்தது வெள்ளைக்காரர்களின் உடம்புக்கும் மனத்துக்கும் இதமாக இருக்கத்தான். 1848-இல் மக்ஐவர் பூங்காவை உருவாக்கத் தொடங்கியதும், கோடைக்குக் கோடை சென்னை அரசாங்கமே மலையேறி வந்ததும் அதன் தொடர்ச்சி. ஆனால் அதற்கு முன்பே அங்கே தோடர்களின் மந்துகள் இருந்தன. படகர்களின் ஹட்டிகள் இருந்தன. கோத்தர்களின் தெருக்கள் இருந்தன. தொட்டபெட்டா என்பதற்குப் படக மொழியில் பெரிய மலை என்றுதான் பொருள். நமக்கு அது 2,637 மீட்டர் உயரமுள்ள ஒரு காட்சி. அவர்களுக்கு அது கண்ணெதிரே நிற்கும் பெரிய மலை.

இதையெல்லாம் படித்துக் கதைக்குள் கொட்டிவிட்டால் போதுமா? போதாது. இப்போது அப்படியும் ஒரு வகைக் கதை வருகிறது. காதலன் காதலியிடம், புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று ஒரு பக்கம் விளக்குவான். செய்தி உண்மைதான். ஆனால் காதலன் அந்த நிமிஷத்தில் வழிகாட்டி ஆகிவிடுகிறான். அந்த மரத்தை மலைமேல் ஏற்றியவர்களின் தோள் நினைவுக்கு வரும் ஒரு பாத்திரம் அங்கே நின்றால், அது கதை.

நல்ல உதாரணங்கள் இல்லாமல் இல்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' படகர் குடும்பத்துக்குள்ளிருந்து மலையைப் பார்க்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி வேடிக்கை பார்க்கிறவனுக்கு அதிசயம். அந்த நாவலில் வருகிறவர்களுக்கு அது வயதைக் கணக்கிடும் முறை. சினிமாவிலும் ஒன்று சொல்லலாம். 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் நடக்கிறது. மலை ரயிலின் அழகைக் காட்ட எத்தனையோ படங்கள் அதை ஓடவிட்டிருக்கின்றன. இந்தப் படத்தில் அது ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஒருவனை விட்டுவிட்டுப் போகிறது. ரயில் நிலையத்தின் வேலையும் அதுதானே? பார்த்தவர்கள் கேத்தியை மறக்க முடியாமல் போனதற்குப் பனிமூட்டம் காரணமல்ல.

எழுதப்படாமல் கிடப்பவை எவ்வளவு! 1964-ஆம் வருஷத்து சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-இல் அரசாங்கம் இந்த மலையில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அங்கே ஒரு மலையில் கொழுந்து பறித்தவர்கள் இங்கே இன்னொரு மலையில் கூடையை மாட்டிக்கொண்டார்கள். நம் கதைகளில் அவர்கள் தூரத்துச் சரிவில் வண்ணப் புள்ளிகள்.

அம்மாளின் கடிதத்தில் கடைசியாக ஒரு விஷயம் இருந்தது. என் கதாநாயகன் கழுத்தில் காமிரா மாட்டிக்கொண்டு பூங்காவில் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துத் தள்ளுகிறான். "அவன் காமிராவில் இருந்த பிலிம் எங்கள் ஊரிலேயே தயாரானதாக இருக்கலாம். என் தகப்பனார் அந்தத் தொழிற்சாலையில் இருட்டிலே வேலை பார்த்தவர்" என்று எழுதியிருந்தார்.

இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையைச் சொல்கிறார். 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலை. வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும். ஆகவே அங்கே பல பேர் பகலெல்லாம் இருட்டில் நின்று, கைத்தடவலிலே வேலை செய்தார்கள். பல வருஷம் நஷ்டத்தில் நடந்து, பிலிமுக்கே தேவை இல்லாத காலமும் வந்து, தொழிற்சாலை மூடப்பட்டது. ஊட்டியின் அழகைப் படம் பிடித்து எடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படச் சுருளுக்காக இருட்டில் நின்ற மனிதரை நான் கண்டதே இல்லை. பூங்காவிலிருந்து சில மைல் தூரத்தில்தான் அவர் இருந்திருக்கிறார்.

என் சிறுகதைத் தொகுதியின் மறுபதிப்புக்காக அந்தக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தை முக்கால் மணி நேரமாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணினேன். ஆகவில்லை. முக்கால் மணி நேரம் நடக்கவேண்டுமானால் அவள் சேரிங் கிராஸில் இறங்கி, கமர்ஷியல் ரோடு வழியாக, மார்க்கெட்டில் காரட் மூட்டை இறக்குகிறவர்களுக்கு ஒதுங்கி, பஸ் நிலையத்தைத் தாண்டிப் போகவேண்டும். நடுவிலே மழை பிடித்துக்கொள்ளும். ஒரு டீக்கடையில் ஒதுங்குவாள். சூடான டீயும் வர்க்கியும் உள்ளே போனதும் கோபம் பாதி இறங்கிவிடும். பக்கத்து பெஞ்சில் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் அவரைப் பார்ப்பாள். அதற்கு மேல் படகுக்கும் ஓட்டத்துக்கும் அங்கே இடமில்லை.

அந்தக் கதையைத் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எழுதுவதற்கு முன்பு காந்தலுக்குப் போய் அந்த அம்மாளைப் பார்க்கவேண்டும். வருவதாகப் பதில் போட்டிருக்கிறேன். "சீசனில் வராதீர்கள், ஊர் தெரியாது" என்று எழுதியிருக்கிறார்.