துருவின் மேல் ஒட்டிய தகடு

தூத்துக்குடியில் மீன் ஏற்றி ஓடும் பழைய பிக்கப் வண்டிகளின் கேபினில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால், தரை இரண்டு மூன்று அடுக்காக இருப்பது அபூர்வமல்ல. மேலே, போன எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுச் சோதனைக்கு, முன்னால் கறுப்புப் பெயின்ட் அடித்த தகடு. அதன் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் நீர் கசிந்து காய்ந்த கோடு. அதற்கு அடியில், அதற்கும் முந்தைய எஃப்.சி.க்கு வைத்த தகடு. அதற்கும் கீழே கம்பெனியில் இருந்து வந்த தரையில் மிச்சம் இருக்கும் பகுதி. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. டிரைவரின் சீட்டைத் தாங்கும் போல்ட்டுகள் இந்த அடுக்குகளில்தான் இறங்கியிருக்கின்றன.

ஒட்டுப் போடுவது என்று டிங்கர் பட்டறைகளில் சொல்லும் வேலை இது. துருப்பிடித்த இடத்தின் மேல் புதுத் தகட்டை வைத்து, ஓரங்களில் ஆங்காங்கே வெல்டிங் பிடித்து, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து விடுவார்கள். கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் ராக்கர் பகுதிக்கும் இதே வைத்தியம்தான். இந்த வேலையை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, அசாத்தியமான கைத்திறனும் இருக்கிறது. ஆனால் அதில் விட்டுப்போகும் ஒரே ஒரு படி, அதாவது துருவை வெட்டி எடுக்காமல் மூடுவது, மற்ற எல்லா உழைப்பையும் வீணாக்கிவிடுகிறது.

துரு ஏன் சரியாக இந்த இரண்டு இடங்களைத் தேடிப் போகிறது என்பதைப் பார்த்துவிட்டால் மீதி எளிதாக விளங்கும். மீன் பெட்டியில் ஐஸ் உருகி வழிகிறது. உப்பளத்தில் லோடு ஏற்றியவர்களின் கால்களோடு உப்புச் சேறு கேபினுக்குள் ஏறுகிறது. மேட்டுக்கு அடியில் போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல்நீரிலும் சுத்திகரிக்காத உப்பிலும் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். ஏறக்குறைய 33 சதவீதத்திலேயே ஈரமாகிவிடும். அதைவிட வறண்ட காற்று கடலோரத்தில் எப்போது அடிக்கிறது? மே மாத வெயிலில் வண்டி நின்றாலும் மேட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய உப்பு ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

ராக்கரின் கதை வேறு. அது மூடிய பெட்டி. உள்தகடு, வெளித்தகடு என்று இரண்டு சேர்ந்தது. கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவின் அடியில் உள்ள துளைகளால் வெளியேற வேண்டும். ராக்கருக்குள் புகும் நீருக்கும் அடியில் துளைகள் உண்டு. மண்ணும் தூசியும் அவற்றை அடைத்துவிட்டால் பெட்டி தொட்டியாகிவிடும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது இந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடும் பழக்கம் இருந்தாலே பாதி வண்டிகள் டிங்கரிடம் வராது. வெளியே பெயின்டில் சிறு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே ஏற்கெனவே எல்லாம் முடிந்திருக்கும்.

இப்போது ஒட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் பக்கத்து நியாயம். டாடா 207, பொலிரோ பிக்கப் போன்ற வண்டிகளில் சுமையைத் தாங்குவது அடியில் ஓடும் சேஸிஸ். கேபின் அதன் மேல் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தரை ஓட்டையானாலும் வண்டி ஓடும், லோடு இழுக்கும். ஓடாத நாளில் வருமானம் இல்லை, தவணை மட்டும் நிற்காது. சாயங்காலம் விட்டு மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போக முடிகிற வேலையை ஒருவர் தேர்ந்தெடுப்பதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. வண்டியின் விலையே குறைந்துபோன நிலையில் கேபினுக்கு முழுச் செலவு செய்யத் தயங்குவதும் இயல்பு.

அடுத்தது கைத்திறன். அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பை ஒருவர் பழுது பார்க்கிறார் என்றால் தரை, உள் ராக்கர், வெளி ராக்கர், கேபின் மூலை என்று ஒவ்வொன்றும் அச்சில் அழுத்திய தயார்த் துண்டாகக் கடையில் கிடைக்கிறது. நம் ஊர் டிங்கருக்குக் கிடைப்பது ஒரு தட்டையான தகடு. கத்திரி, சுத்தியல், டாலி, பழைய தண்டவாளத் துண்டு, இவ்வளவுதான் கருவி. அட்டையில் அளவெடுத்து, தகட்டை மடித்து, வளைவுகளைக் கண்ணாலேயே பிடித்துவிடுகிறார். கம்பெனித் தரையில் ஓடும் நீளக் கோடுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருபவை அவைதான். நல்ல டிங்கர் மொட்டை உளியால் மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி அந்தக் கோடுகளையும் கொண்டுவந்துவிடுவார். அவசர வேலையில் இது விடுபடும். அதனால்தான் ஒட்டுப் போட்ட தரையில் கால் வைத்தால் தகர டப்பா அமுங்கும் சத்தம் வருகிறது. தயார்த் துண்டு பல நேரம் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. வண்டியின் மேலேயே அளவெடுத்துக் கையால் அடித்த துண்டு பொருந்தும். நம் பட்டறைகளின் பலம் இது. ஒரிஜினல் பார்ட் இல்லை என்பது ஒரு குறையே அல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. துருவின் மேல் வைத்த தகட்டுக்கும் பழைய தகட்டுக்கும் இடையே மயிரிழை அளவு இடுக்கு கட்டாயம் இருக்கும். ஓரம் முழுவதும் வெல்டிங் ஓடாததால் உப்புநீர் அந்த இடுக்குக்குள் தானாக ஏறும். உள்ளே ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். இந்த வேறுபாடே ஒரு மின்கலம் போல வேலை செய்து, ஆக்சிஜன் குறைந்த உட்பக்கத்து இரும்பைக் கரைக்கிறது. புதுத் தகட்டின் கீழ்ப்புறத்தில் ரெட் ஆக்ஸைடு அடித்திருந்தாலும் வெல்டிங் சூட்டில் ஓரங்களில் அது எரிந்துபோயிருக்கும், மறுபடி தூரிகை எட்டாது. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகுவதால், உள்ளே வளரும் துரு இரண்டு தகட்டையும் பிளந்து இடுக்கை இன்னும் அகலமாக்கும். ஆகவே அந்த ஒட்டு பழைய துருவை நிறுத்துவதில்லை. அதற்குத் தீனியாகப் புதுத் தகட்டையும் சேர்த்து வைக்கிறது. மேலே பெயின்ட் பளபளப்பாக இருப்பதால் யாருக்கும் தெரிவதுமில்லை. ஒட்டுப் போடாமல் விட்ட ஓட்டையாவது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு வகையில் அதுவே மேல் என்றுகூடச் சொல்வேன்.

ஓட்டையைப் பட்டியால் நிரப்பித் தேய்த்துவிடுவதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அது பழுதுபார்ப்பு அல்ல, விற்பதற்கான ஒப்பனை. துருவின் மேல் தார் பூசுவதும் அதே வகை. துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. வெல்டிங் வகைகளில் மட்டும் சற்று நிற்கலாம். ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை எரித்து ஓட்டையாக்கும். கேஸ் வெல்டிங்கின் இணைப்பு மென்மையாக இருக்கும், சுத்தியலால் தட்டிச் சமன் செய்யலாம். ஆனால் சூடு பரவி அகலமான தகட்டைக் கோணலாக்கும். பித்தளைக் கம்பி வைத்து ஒட்டினால் சூடு குறைவு, வேலை சுத்தம். ஆனால் உப்புநீரில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். கடலோர வண்டியின் தரைக்குப் பித்தளை வேண்டாம். இப்போது பரவலாகிவிட்ட சிஓடூ வெல்டிங்தான் இந்த வேலைக்கு ஏற்றது, அதையும் ஒரே இழுப்பில் ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றிச் சிறு புள்ளிகளாக வைத்து, ஆறவிட்டு, கடைசியில் புள்ளிகளைச் சேர்த்தால். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டு செய்கிறவர்கள் ஓரத்துத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் ஆவியாகிவிடும்; அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் முகமூடி இல்லாமல் வேலை செய்கிறவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் வெட்டிப் புதிதாகப் போட்டுவிட வேண்டியதுதானே? அதிலும் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் டிங்கர்களுக்கு நியாயம் செய்ததாகாது. "அண்ணாச்சி, வெட்டிட்டா அடியில எவ்வளவு போயிருக்குன்னு இப்பமே சொல்ல முடியாதுல்லா" என்று அவர்கள் தயங்குவதில் உண்மை உண்டு. ராக்கர்தான் கதவு நிலையின் அடிச்சட்டம். அதை முழுக்க வெட்டி எடுத்த கணத்தில் முன் தூணும் பின் தூணும் தம் போக்கில் நகரத் தொடங்கும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், வெல்டிங் முடிந்த பிறகு கதவு பூட்டில் விழாது. இதற்குப் பயந்தே பலர் மூடிவிடுகிறார்கள். மருந்து கடினமானதல்ல. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கதவு நிலைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஆங்கிள் இரும்பை வெல்டு செய்து பிடிக்க வேண்டும். கதவு இடைவெளியை அளந்து எழுதி வைக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். உள் ராக்கர் முதலில், பிறகு தரை, வெளி ராக்கர் கடைசியில். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றாமலும் டீசல் லைனை ஒதுக்காமலும் தொடங்கக் கூடாது. இதற்கு நாட்கள் ஆகும். கேபின் தூண்களின் அடியும் மவுண்டுகள் உட்காரும் இடமும் சேர்ந்தே போயிருந்தால் வெட்டி ஒட்டுவதிலும் அர்த்தமில்லை. அதைவிட உள்மாவட்டத்தில் ஓடி உடைக்க வந்த வண்டியின் வறண்ட கேபின் ஒன்றைத் தேடி வாங்கி மாற்றுவது மேல்.

பிறகு ஏன் ஒட்டு வேலை இவ்வளவு பரவலாக இருக்கிறது? காலக்கணக்கே காரணம் என்று நினைக்கிறேன். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. துரு தீவிரமாகிற வயதும் அதுதான். அந்தச் சோதனையில் விளக்கு, பிரேக், ஸ்டீயரிங், புகை எல்லாம் முன்னே நிற்கின்றன. மேட்டுக்கு அடியில் இருப்பது பின்னே போய்விடுகிறது. அந்த ஒரு நாளைத் தாண்டினால் போதும் என்ற கணக்கில் பணம் கொடுக்கப்படுகிறது, அந்தப் பணத்துக்கேற்ற வேலை நடக்கிறது. பிரிட்டனில் ஆண்டுச் சோதனை வேறு மாதிரி. சீட் பெல்ட் பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உள்ள தகடு துருவால் பலவீனமாகியிருந்தால் வண்டி தேறாது. அங்கே ஒட்டுப் போட்டால் அதன் ஓரம் முழுவதும் இடைவெளியின்றி வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். ரிவெட்டும் பட்டியும் செல்லாது. சோதிப்பவர் கையில் தட்டிப் பார்க்க ஒரு சிறு கருவி இருக்கும். நம் சோதனையிலும் இந்தத் தட்டிப் பார்த்தல் கட்டாயமானால் டிங்கர்கள் மாறுவதற்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவைப்படாது. வெட்டும் திறன் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கூலி கேட்கும் வாய்ப்புதான் இல்லை.

பணம் கொடுப்பவர் வேறு, அந்தத் தரையின் மேல் உட்கார்ந்திருப்பவர் வேறு என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. முதலாளிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. டிரைவருக்கோ இரவு முழுக்க ஓட்டைகள் வழியாக ஏறும் சூடும் சைலன்சர் புகையும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தலைவலியும் தூக்கமுமாகத்தான் அது தெரியும். வண்டி எதிலாவது மோதினால் சீட்டும் பெல்ட்டும் பிடித்திருக்க வேண்டிய இரும்பு அங்கே இருக்காது.

வண்டிச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபின் வேலைக்கு விடும்போது, பட்டி பூசுவதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். சுத்தமான இரும்பு வரை வெட்டியிருக்கிறார்களா, ஓரம் முழுக்க வெல்டிங் ஓடியிருக்கிறதா, அடிப்பக்கத்தில் ப்ரைமர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த பழைய தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். அது இருந்தால், டிங்கர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.