சஞ்சிதமும் பதுக்கலும்

சஞ்சித வினையைச் சொற்பொழிவிலும் சிறு நூல்களிலும் விளக்கப் புகுவார் சிலர், கேட்போர்க்கு எளிதாகுமெனக் கருதி அதனைப் ‘பதுக்கல்’ எனப் பெயர்த்து வழங்குகின்றனர். எளிமை வேண்டற்பாலதே, எனினும் இச்சொல் ஈண்டுப் பொருந்துமாறில்லை.

‘பதுங்கு’ என்னுந் தன்வினைக்குப் பிறவினை ‘பதுக்கு’. ஒளிந்திருத்தல் முன்னது, ஒளித்து வைத்தல் பின்னது. பாலைப் பாட்டுக்களில் வழியிற் பட்டோரை மூடிய குவியல் பதுக்கை எனப்படுதலும் நோக்கற்பாலது. இந்நாளில் விலையேற்றங் கருதி அரிசி முதலியவற்றை மறைத்து வைத்தற்கே அச்சொல் உரியதாயிற்று. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம்பற்றிப் பேசுவார் வாயில் வழங்குவதும் இப்பொருளதே. எனவே, கரவும் கரந்தவன் அறிவும் பதுக்கலுக்கு இன்றியமையாதன.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளி மக்கள் சாமை விளைக்கின்றனர். உமி நீக்காத சாமை நெடுநாட் கெடாது. உணவுக்கும் அடுத்த விதைப்புக்குமாக வைத்த அதனைப் பதுக்கலென்பார் யாருமிலர், அஃது இருப்பு. வினைக்கு உழவை உவமையாக்கிய சிவஞான சித்தியார், விளைவே உணவும் வித்துமாதலைக் காட்டியது இம்முறை பற்றியேயாம். உண்ணப்படுவது பிராரத்தம், உண்ணுங்காற் புதிதின் ஏறுவது ஆகாமியம், முன்னே தொக்கு நிற்பது சஞ்சிதம்.

திரட்டப்பட்டது என்பதே அவ்வடசொற்குப் பொருள். கரவுப்பொருள் அதிற் சிறிதுமில்லை. ‘சேமிப்பு’ என்பாரும் உளர். அது க்ஷேமத்தின் திரிபாகிய சேமத்தினின்றும் வந்தமையின், பிறவிக்கு ஏதுவாவதனைப் பேணத்தக்கதாக்கி நகை விளைக்கும்.

இது வெறுஞ் சொற்போர் அன்று. பதுக்கியவன் தன் பண்டம் இருக்குமிடம் அறிவான், வேண்டியபோது எடுப்பான். உயிரோ தன் சஞ்சிதத்தை அறியாது. ஆறத்துவாக்களிற் கட்டுண்டு கிடக்கும் அதனைத் தானே எடுத்தெறியவும் மாட்டாது. நிருவாண தீக்கையில் ஆசான்வழி நிகழும் அத்துவசுத்தியால் அது கெடல் வேண்டும். பதுக்கலெனக் கேட்ட மாணவன், ‘பதுக்கியவனே திறந்துவிடலாமே, தீக்கை எற்றுக்கு?’ என வினவின், அவர்பால் விடையில்லை. இறைவனும் கிடங்கிற் புகுந்து சோதனையிடும் அதிகாரியாய் முடிவன். பக்குவம் நோக்கி வினைப்பயனைக் கூட்டி மலந்தீர்க்கும் முதல்வன் ஆகான்.

கட்புலனாகாமை பற்றி ஒப்புமை உண்டேயெனின், உண்டு. உவமை அவ்வளவில் நின்றாற் குற்றமில்லை. அதனையே பெயராக்குதல் மிகை. தொல்வினை, பழவினை என்பன வழங்கிவருஞ் சொற்கள், கல்லாதார்க்கும் விளங்குவன.