கத்துகிறவன் யார்?

சிங்கப்பெருமாள் கோவில் சேரியில் ஏப்ரல் 14 ராத்திரி நடந்த பறையாட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடியவர்கள் ஒன்பது பேர், அதில் நாலு பெண்கள். பெரும்பாலும் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற பிள்ளைகள். ஓரத்தில் நின்று 'திரும்பு, குனி, அடுத்த அடி' என்று கடைசி வரைக்கும் கத்திக்கொண்டிருந்தவன் நான். ஆகவே இந்த விமர்சனம் முதலில் என் மேல்தான்.

பறை காய்ச்சிய தீ அணைகிற நேரத்தில் முன்வரிசையில் ஆடிய பெண் சொன்னாள்: "அண்ணே, நீங்க கத்தறதுல அடியே காதுல வுழல."

எனக்குச் சுருக்கென்றது. பறையில் அடி மாற வாய் எதற்கு? முன்னே நிற்கிறவர் ஓடுகிற அடியை அடிக்குச்சியால் அறுத்து ஒரு துண்டு அடி கொடுப்பார். மற்றவர்கள் காலை மாற்றிக்கொள்வார்கள். என் பெரியப்பா சாவுக்கு அடித்தவர். அவர் தன் ஆட்களிடம் அடிக்கு நடுவில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வாய் திறந்தவன் பண்ணையார்தான். 'அடிடா', 'நிறுத்துடா'. பறையைத் தொடமாட்டோம் என்று மறுத்ததும் நம் போராட்டம். அதையே விடுதலைக் கருவியாக மேடையேற்றியதும் நம் போராட்டம். 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் நம் ஆட்டக்களத்தில் ஏவுகிற குரல் ஒன்று மிச்சமிருக்கிறதே, அது யாருடையது?

பயிற்சி முகாமில் சொல்லித்தான் ஆகவேண்டும். சாவு வீட்டில் கேட்டு வளராத பிள்ளைக்கு அடி வாய்ச்சொல்லாகத்தான் முதலில் நுழைகிறது. பொம்பளைப் பிள்ளைகள் பறையெடுத்தால் ஊரே முறைக்கும். அப்போது பின்னாலிருந்து வருகிற குரல் ஒரு தெம்பு. இதை அவளிடமும் சொன்னேன். "மொத தடவ தெம்புதாண்ணே. அப்புறமும் சொன்னா எங்கள நம்பலன்னு அர்த்தம்" என்றாள்.

தப்பு வராத நாளில் நிறுத்தலாம் என்று காத்திருந்தேன். அந்த நாள் எந்தக் குழுவுக்கும் வராது. தப்பினால் தாங்களே சேர்ந்துகொள்கிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். அதையும் ஒத்திகையிலேயே, நடுவில் சொல்லாமல் வாயை மூடி. குலைந்தால் குலையட்டும்.

அடுத்த ஆட்டம் மறைமலை நகரில். கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டேன். இரண்டாவது மாற்றத்தில் ரெண்டு பேர் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார்கள். என் தொண்டை அரித்தது. அவள் ஓடுகிற அடியை அறுத்தாள், துண்டு அடி விழுந்தது, ஒன்பது பேரும் ஒரே காலில் வந்து நின்றார்கள். பக்கத்தில் நின்ற கிழவி, "இந்தப் புள்ளைங்களுக்கு வாத்தியாரு யாருப்பா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணைக் காட்டினேன்.