அணைக்கக் கூடாத கிளாக்

லினக்ஸ் கெர்னல் பூட் ஆகி முடியும் தறுவாயில், ஓடிக்கொண்டிருந்தும் எந்த டிரைவரும் கேட்டு வாங்காத கிளாக்குகளையெல்லாம் தேடி அணைத்துவிடும். மின்சாரம் மிச்சம். 2012இல் பொது கிளாக் கட்டமைப்பு வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஆனால் டிராம் நினைவகத்துக்கோ சிப்புக்குள் இருக்கும் பஸ்ஸுக்கோ துடிப்பு தரும் கிளாக்கைக் கேட்டு வாங்கப் பல நேரம் டிரைவரே இருக்காது. அதை அணைத்தால் கணினி அப்படியே உறைந்துபோகும். பிழைச் செய்தி கூட வராது.

2016இல் சேர்ந்த 'கிரிட்டிக்கல்' ஃபிளாக் இதற்கு மருந்து. கிளாக்கைப் பதிவு செய்யும்போதே கெர்னல் அதை இயக்கி, பயன்பாட்டு எண்ணிக்கையில் தன் பங்காக ஒன்றைக் கூட்டிவைக்கிறது. பிறகு யார் கைவிட்டாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்காது; கிளாக்கும் அணையாது. சில வரிகளில் முடிந்த காரியம். டிராம் போன்றவற்றுக்கு இதைவிடச் சரியான தீர்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்தச் சுலபமே ஆபத்து. டிரைவர் எழுதச் சோம்பிய இடத்திலும் இந்த ஃபிளாக்கை ஒட்டிவிடலாம். இன்டெல் பே டிரெயில் சிப்பின் கதையைப் பாருங்கள். ஃபர்ம்வேர் இயக்கிவிட்டுப் போன கிளாக்குகளை அணைத்ததால் ஈதர்நெட் செத்துப்போன கருவிகள் இருந்தன. அதனால் 2017இல் அப்படிப்பட்ட கிளாக்குகள் அனைத்தையும் கிரிட்டிக்கல் என்று குறித்தார்கள். ஈதர்நெட் பிழைத்தது. ஆனால் ஒரு கிளாக் ஓடினாலும் சிப் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாது. பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு அது பெரிய நஷ்டம். 2018இல் ஃபிளாக்கை எடுத்துவிட்டு, ரியல்டெக் ஈதர்நெட் டிரைவரே தன் கிளாக்கைக் கேட்டு வாங்கும்படி செய்தார்கள். முறையான வழிதான். ஆனால் தொழில்துறைக் கணினிகள் சில இதில் அடிபட்டன: ஒன்றில் யுஎஸ்பி ஹப், இன்னொன்றில் நான்கு ஈதர்நெட் சிப்புகள், கெர்னல் அறியாமலே அந்தக் கிளாக்குகளை நம்பியிருந்தன. 2019 முதல் இப்படிப்பட்ட கணினிகளின் பெயர்களை ஒரு பட்டியலில் சேர்த்து, அவற்றுக்கு மட்டும் ஃபிளாக்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பட்டியல் அழகற்றதுதான். ஆனாலும் 2017இன் மொத்தப் பூட்டைவிட அதுவே மேல் என்பேன்: எந்தக் கணினியில் எந்தக் கிளாக்கை ஏன் அணைக்கக் கூடாது என்பது அதில் எழுத்தில் இருக்கிறது. உண்மையில் குறைவது வேறொன்று. டிரைவர் வரும்வரை கிளாக்கைக் காத்து, வந்ததும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும் இன்னொரு ஃபிளாக்கும் கிரிட்டிக்கல் ஃபிளாக் வந்த காலத்திலேயே முன்மொழியப்பட்டது. அது கெர்னலில் சேரவில்லை. அதனால் புதிய டிரைவர் வந்தாலும், கிரிட்டிக்கல் என்று ஒருமுறை குறித்த கிளாக்கை அதனால் அணைக்க முடியாது. யாராவது கெர்னல் மூலத்தில் கிரிட்டிக்கல் ஃபிளாக்கை நீக்கியாக வேண்டும்.