எம்.ஆர்.ஐ. படமும் புற்றின் வீரியமும்: ஒரு விமரிசனம்

மலக்குடல் புற்றுநோயின் வீரியத்தை, அறுவைக்கு முன்னரே, மேம்பட்ட எம்.ஆர்.ஐ. படத்தால் அளந்துவிடலாம் என்று இன்று பலர் எழுதுகின்றனர். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இதைப் படிக்கும் மாணவருக்கும், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குச் செல்லும் நோயாளிக்கும், இக்கூற்று எவ்வளவு உண்மை என்று தெரிந்திருப்பது நலம்.

முதலில் இதன் பலத்தைக் காண்போம். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்புத் திசுவும், அதன் வெளியே மெல்லிய உறையும் உள்ளன. உறை கிழியாமல் முழுவதையும் எடுத்துவிட்டால் நோய் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது குறையும் என்று 1982ல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஹீல்ட் எடுத்துரைத்தார். புற்று அவ்வுறையை 1 மில்லிமீட்டர் வரை நெருங்கிவிட்டதா, குடற்சுவரின் வெளியே இரத்தக் குழாய்க்குள் நுழைந்துள்ளதா என்பனவற்றை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. நெருங்கியிருந்தால் முதலில் கதிர்வீச்சும் மருந்தும் தந்து, பிறகு அறுப்பர்.

இதற்குச் சான்று 2006ல் வெளியான ‘மெர்க்குரி’ ஆய்வு. அதில் 408 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 354 பேருக்கு வெட்டு விளிம்பில் புற்று இல்லை. இவர்களில் 327 பேரை, அதாவது 92 விழுக்காட்டினரை, எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே சரியாகச் சொன்னது. பாராட்டத்தக்க பணியே. ஆயினும் எஞ்சிய 27 பேரை மறத்தலாகாது. படத்தை மட்டும் நம்பினால் இத்தகையோர் தேவையற்ற கதிர்வீச்சுக்கு ஆளாக நேரிடும்.

மேலும், இவ்வாய்வு கண்டது புற்றின் இருப்பிடத்தை. அதன் குணத்தை அன்று. குணத்தைக் கூறுவதாகச் சொல்லப்படுவது நீர் பரவல் படமாகும். செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக அலைய முடியாது. கூட்டம் நிறைந்த சந்தையில் நாம் நடப்பது போன்றதே இது. ஆகவே பரவல் எண் குறைந்தால் வீரியம் அதிகம் என்று முடிவு செய்கின்றனர்.

இங்கேதான் வாதம் தடுமாறுகிறது. கோழை சுரக்கும் புற்று வகையில் நீர் எளிதாக அலைகிறது. பரவல் எண் உயர்ந்தே காணப்படும். ஆனால் அது சாதுவான நோயன்று. முத்திரை மோதிரம் போன்ற செல்களைக் கொண்ட கொடிய வகையிலும் கோழை மிகுந்திருப்பதுண்டு. இவ்வகை இந்திய இளைஞரிடையே, மேற்கு நாடுகளைவிட, அதிகம் காணப்படுவதாக மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஆய்வுகள் கூறுகின்றன. எனவே, பிற நாட்டு நோயாளிகளிடம் பெற்ற எல்லை எண்ணை நம் நாட்டில் அப்படியே கையாள்வது பொருந்தாது. கருவிக்குக் கருவி, அமைப்புக்கு அமைப்பு இவ்வெண் மாறுவது மற்றொரு குறை. குடலில் உள்ள காற்றும் படத்தைச் சிதைக்கும்.

பயாப்சி மட்டும் குறையற்றதா? அதுவும் அன்று. கிள்ளி எடுத்த சிறு துணுக்கு முழுக் கட்டிக்கும் சாட்சியாகிவிடாது. கட்டி முழுவதையும் நோக்குவது படத்தின் தனிச் சிறப்பு. ஒன்றன் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது.

ஆகவே, புற்று எங்கே, எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்று அறிய எம்.ஆர்.ஐ. இன்றியமையாதது. வீரியத்தை ஓர் எண்ணால் அறுதியிடும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை. நம் நாட்டு நோயாளிகளின் படங்களை, அறுத்தெடுத்த திசுவோடும் பின்னாளைய உடல்நிலையோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் பெருக வேண்டும். அதுவரை, அறிக்கையில் காணும் பரவல் எண் ஒன்றைக் கொண்டு அஞ்சவும் வேண்டாம். ஆறுதல் அடையவும் வேண்டாம்.