ஆறும் காடும்: ஒரு பாதிப் பாடம்

களனி கங்கை சிவனொளிபாத மலைப்பகுதியில் பிறக்கிறதென்று ஹட்டன் தோட்டச் சிறாரை மனனம் செய்விப்பதோடு பாடம் முடியுமாயின், அதைக் கல்வியென நாம் ஏற்பதற்கில்லை. லயத்தருகே ஓடும் சிற்றோடைதான் கெசல்கமு ஓயாவில் கலந்து, மஸ்கெலிய ஓயாவுடன் கூடிக் களனியாகி, கொழும்பின் குடிநீராகிறது என்பதை அவர்கள் அறிய வேண்டாமா?

காட்டைக் காப்போம் என்கிறோம், நன்று. அதை அழித்தவர் யார்? 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலைக்காகவும் துரைமார் மலைகளை மொட்டையாக்கினர். அதைச் சொல்லாது, விறகு பொறுக்கும் தாயைக் குற்றவாளியாக்கும் பாடத்தை அவள் பிள்ளை எவ்வாறு நம்புவான்?

யூகலிப்டஸ் வரிசையும் காடன்று. கீனா மரமும், குறிஞ்சி இனமான நெலுவும், பாசியும் செறிந்து மழையைப் பிடித்துவைக்கும் காடு, 2010இல் உலக மரபுரிமையான சிவனொளிபாத வனத்தில் இன்றும் உண்டு. ஹட்டனிலிருந்து அது தொலைவன்று. ஒருநாள் வகுப்பை அங்கே நடத்தலாமே.